ஆசையே இல்லை, உடம்பு மட்டும் ஏன் இப்படி?

பெங்களூருவில் வசிக்கும் 34 வயதுப் பெண் ஒருவர் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டோம்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், ஆறு வயது மகன். எட்டு மாதமாகப் பிறப்புறுப்பில், முக்கியமாகக் கிளிட்டோரிஸ் (யோனிக்கு மேலே இருக்கும் சிறு உணர்வு உறுப்பு) பகுதியில், காரணமே இல்லாமல் கிளர்ச்சி உணர்வு வருகிறது. துடிப்பு, குறுகுறுப்பு, மெல்லிய மின்சாரம் ஓடுவதுபோல ஓர் அதிர்வு, சில நேரம் எரிச்சல். மனதில் அந்த நினைப்பே இருக்காது. மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போதுகூட வருகிறது என்று எழுதியிருக்கிறார். கே.ஆர்.புரத்திலிருந்து சில்க் போர்டு வரை பஸ்ஸில் உட்கார்ந்து போனால் அதிகமாகிறது. அதனால் சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போகிறார். "ஆபீஸில் தாங்க முடியாமல் போனால் டாய்லெட்டில் போய்ப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் இறங்கும். யாரும் பார்க்காத இடம் என்பதாலோ என்னவோ." கையால் தணித்துக்கொண்டால் அரைமணி நேரம் அடங்கிவிட்டு, முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது.

பதற்றத்துக்காக ஒன்றரை வருடம் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தவர், எடை கூடுகிறது என்று ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். தொல்லை ஆரம்பித்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. சிறுவயது முதல் மலச்சிக்கல் உண்டு. யூடியூப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு முறை, இடுப்பின் அடித்தசைகளை இறுக்கும் கீகல் பயிற்சி செய்கிறார். முதலில் பார்த்த மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனை நார்மல் என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர், "ஹார்மோன் ஏறியிருக்கும், இன்னொரு குழந்தை பெத்துக்கோங்க" என்றாராம். உறவுக்காரப் பெண் ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார். கணவர் முதலில் இதை ஆசை என்று எடுத்துக்கொண்டார், இப்போது, "வேற யாரையாவது நினைச்சுக்கிட்டு இருக்கியா?" என்று கேட்கிறார்.

அவருடைய கேள்விகள்: எனக்குக் காமம் தலைக்கேறிவிட்டதா? இது மனநோயா, உடல்நோயா? எந்த டாக்டரிடம் போவது, என்ன என்று சொல்வது? கர்ப்பப்பையை எடுக்கலாமா? அடுத்த மாதம் காதுகுத்துக்கு ஊருக்குப் போக வேண்டும், பத்து மணிநேரம் எப்படி உட்கார்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், மற்ற விஷயங்களுக்கு நடுவே, "இப்படியேதான் இருக்கும் என்றால் எதற்கு இருக்கணும் என்று தோன்றுகிறது" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. முதலில் அதைப் பேசிவிடுகிறேன். ஓயாத இந்தத் தொல்லையில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. அது உங்கள் பலவீனம் இல்லை. தூக்கமும் நிம்மதியும் போன உடம்புக்கு வரும் எண்ணம். ஆனால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். அந்த எண்ணம் வரும் நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். என்ன தொல்லை என்று விளக்கத் தேவையில்லை. "உடம்பில் ஒரு நோய், தாங்க முடியவில்லை" என்று ஆரம்பித்தால் போதும். "எப்படிச் செய்வது" என்று யோசிக்கும் அளவுக்கு அது போய்விட்டால், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அன்றைக்கே நிமான்ஸ் (உங்கள் ஊரிலேயே உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனை) அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து உங்கள் முதல் கேள்வி. இல்லை, உங்களுக்குக் காமம் தலைக்கேறவில்லை. ஆசை என்பது மனதில் எழுவது. கிளர்ச்சி என்பது நரம்பும் ரத்த ஓட்டமும் சேர்ந்து உறுப்பில் உண்டாக்குவது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறதே, அதைப் பார்த்து யாரும் "என்ன துக்கம்?" என்று கேட்பதில்லை. உங்களுக்கு நடப்பதும் அப்படித்தான். உறுப்பு வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் ஆசை இல்லை.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. 2001-இல் சாண்ட்ரா லெய்ப்லம், ஷாரன் நேத்தன் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் இதை முதன்முதலாக ஒரு தனி நோய்க்கூறாக விவரித்தார்கள். அப்போது வைத்த பெயரில் 'பாலியல் கிளர்ச்சி' என்று இருந்தது. பாலியல் விருப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதால் பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'பெர்சிஸ்டென்ட் ஜெனிட்டல் அரௌசல் டிஸ்ஆர்டர்' என்று மாற்றினார்கள். அதாவது, விடாமல் தொடரும் பிறப்புறுப்புக் கிளர்ச்சிக் கோளாறு. 2021-இல் வெளிவந்த நிபுணர் குழு அறிக்கை, குறுகுறுப்பு, எரிச்சல், அதிர்வு போன்ற பிறழ்ந்த உணர்வுகளையும் இதனுடன் சேர்த்தது. அந்த அறிக்கையின் இலக்கணம் இது: விரும்பாத, தொல்லை தரும் கிளர்ச்சி உணர்வு, பாலியல் எண்ணமோ விருப்பமோ இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ இருப்பது. நீங்கள் எழுதியிருப்பது இதற்கு வரிக்கு வரி பொருந்துகிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, நேரில் பரிசோதித்தாக வேண்டும். ஆனால் இந்தப் பெயரோடு நீங்கள் மருத்துவரிடம் போகலாம்.

'மனநோயா, உடல்நோயா' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயில் அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. நரம்பில் ஆரம்பிக்கும். பயமும் வெட்கமும் 'இப்போது வருமோ' என்ற கவனிப்பும் சேர்ந்து மூளையில் அதன் சத்தத்தைக் கூட்டிவிடும். எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிகிச்சையில் பாதி வேலை.

எங்கிருந்து வருகிறது?

காலிங் பெல் தானாக அடித்துக்கொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? முதலில் வாசல் சுவிட்சைப் பார்ப்பார், பிறகு ஒயர், பிறகு ஜங்ஷன் பாக்ஸ், கடைசியில் மெயின் போர்டு. மருத்துவரும் இதே வரிசையில், வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். 2021 அறிக்கை ஐந்து இடங்களைச் சொல்கிறது.

முதலாவது உறுப்பேதான். கிளிட்டோரிஸை மூடியிருக்கும் தோல் மடிப்பு ஒட்டிக்கொண்டு, அதற்கடியில் இறந்த செல்கள் சேர்ந்து, மணல் துகள்போலக் கெட்டியாக உறுத்தலாம். பூஞ்சைத் தொற்று, தோல் வெளுத்து மெலியும் லைக்கன் ஸ்க்ளிரோசிஸ், யோனி வாயில் நரம்புக் கூச்சம் ஆகியவையும் இங்கே வரும். இவற்றைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் இது எதுவும் தெரியாது.

இரண்டாவது இடுப்புத்தளம், அதாவது இடுப்புக்கு அடியில் உறுப்புகளைத் தாங்கும் தசைகளும் அங்கே ஓடும் நரம்புகளும். பியூடெண்டல் என்ற நரம்பு தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து கிளம்பி, நாம் உட்காரும் எலும்பின் உள்பக்கமாக ஒரு குறுகலான பாதையில் வந்து, ஆசனவாய்க்கும் யோனியைச் சுற்றிய பகுதிக்கும் கிளிட்டோரிஸுக்கும் கிளை விடுகிறது. அந்தப் பாதையில் அது நசுங்கினாலோ, சுற்றியுள்ள தசைகள் இறுகிப் பிடித்தாலோ, கிளை முடியும் இடத்தில் உணர்வு தோன்றும். இடுப்புக்குள் ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தாலும் இப்படி ஆகலாம்.

மூன்றாவதும் நான்காவதும் முதுகெலும்பு. இடுப்பு டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை உரசுவது, முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்புக்குள், நரம்பு வேரில் டார்லோவ் நீர்க்கட்டி என்று ஒன்று வருவது, தண்டுவடத்திலேயே ஏதாவது பாதிப்பு. ஐந்தாவது மூளை. சில மாத்திரைகள், அபூர்வமாகச் சிலவகை வலிப்பு.

உங்கள் கடிதத்தில் இரண்டு தடயங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கழிப்பறை விஷயம். உட்கார்ந்தால் கூடுகிறது, நின்றால் குறைகிறது, ஆனால் டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் இறங்குகிறது. யாரும் பார்க்காத இடம் என்பதால் அல்ல, சகோதரி. அந்த சீட்டின் நடுவில் ஓட்டை இருக்கிறது. எடை முழுவதும் இரண்டு பக்க எலும்பில் இறங்கி, நடுப்பகுதிக்கு அழுத்தம் இல்லாமல் போகிறது. பியூடெண்டல் நரம்புத் தொல்லை உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் அடையாளம் இது. இத்தனை வருட மலச்சிக்கலில் முக்கி முக்கித் தசைகள் இறுகியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மருத்துவரிடம் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடயம் மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் போன்ற செரட்டோனின் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்திய பிறகு இந்தத் தொல்லை தொடங்கியதாகவும், சிலருக்கு ஆரம்பிக்கும்போதே வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உள்ளன. இந்த மாத்திரைகள் பாலியல் உணர்வை அடக்கி வைக்கும். அந்தப் பிடி ஒரே நாளில் விலகும்போது கீழே இருக்கும் நரம்புகள் கட்டவிழ்ந்து துடிக்கலாம் என்பது ஒரு விளக்கம். எடை கூடியதற்காக நிறுத்த நினைத்ததில் தவறில்லை. வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. இப்போது நீங்களாகவே மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். மறுபடி கொடுத்து மெதுவாக இறக்குவதா, வேண்டாமா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். தூக்கத்துக்காக டிராசடோன் எழுதிக்கொடுத்தால், இந்தத் தொல்லை இருப்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு வாங்குங்கள். அந்த மருந்தும் இதைத் தூண்டிய மருந்துகளின் வரிசையில் உண்டு.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இரவில் படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? அப்படியென்றால் ரத்தத்தில் ஃபெர்ரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) அளவு பார்க்க வேண்டும். கால் அமைதியின்மை நோயும் இதுவும் சிலருக்குச் சேர்ந்தே வருகின்றன. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், ஃபெர்ரிட்டின் 75-க்குக் கீழே இருந்தால் அந்தக் கால் நோய்க்கு இரும்புச்சத்து கொடுப்பது வழக்கம்.

இன்றைக்கே நிறுத்த வேண்டியவை

கீகல் பயிற்சி. இதை அழுத்திச் சொல்கிறேன். கீகல், தளர்ந்த தசையை இறுக்குவதற்கான பயிற்சி. உங்களுக்கு இருப்பது ஏற்கெனவே இறுகிய தசையாக இருந்தால், நாளைக்கு நூறு முறை இறுக்குவது நசுங்கிய நரம்பை மேலும் நசுக்கும். உங்களுக்குத் தேவை இதற்கு நேர் எதிரான பயிற்சி.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். ஒரு கை வயிற்றில். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். வயிறு உப்ப வேண்டும், அதோடு யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள இடம் கீழே இறங்கி விரிவதை உணர வேண்டும். ஆறு எண்ணும் வரை வாயால் விடுங்கள். முக்கவோ தள்ளவோ கூடாது. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் அந்த இறக்கமே பிடிபடாது. சிறுநீர் கழிக்கத் தொடங்கும் கணத்தில் தானாக ஒரு தளர்வு வருமே, அந்த உணர்வை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு முயலுங்கள்.

கையால் தணிப்பதைப் பற்றிக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். பாவ புண்ணியக் கணக்கு வேண்டாம். வலிக்கிற இடத்தை அழுத்திப் பிடிப்பது போன்றதுதான் அது. ஆனால் உச்சத்தில் தசைகள் ஒருமுறை இழுத்துப் பிடித்துவிட்டுத் தளர்வதால் சிறிது நேரம் அடங்கும், திரும்பத் திரும்பச் செய்தால் தசையும் நரம்பும் இன்னும் முறுக்கேறும். நீங்களே அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை உள்ளாடைக்கு மேலே பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். மரத்த தோல் புண்ணாவது தெரியாது.

வாசனை சோப்பு, வி-வாஷ் வகையறா, இறுக்கமான ஜீன்ஸ், லெகிங்ஸ் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள். மலச்சிக்கலைச் சாதாரணமாக விடாதீர்கள். இரவில் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் இசப்கோல், பகலில் நிறையத் தண்ணீர், கொய்யா, வாழைத்தண்டு, கீரை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும்போது காலுக்குக் கீழே முக்கால் அடி உயரத்தில் ஒரு ஸ்டூல். அப்படியும் சரியாகாவிட்டால் மருந்து கேளுங்கள், முக்காதீர்கள்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

போவதற்கு முன் 14 நாள் ஒரு நோட்டில் குறியுங்கள்: நேரம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மலம் கழித்தீர்களா, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், எது குறைத்தது. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே, "எட்டு மாதமாக, ஆசை இல்லாமல், உட்கார்ந்தால் அதிகம், எஸ்சிட்டலோபிராம் நிறுத்தி மூன்று வாரத்தில் ஆரம்பம்" என்று நாலு வரி எழுதி நீட்டுங்கள். பெயரைக் கேள்விப்படாத மருத்துவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் அந்தத் தாள் உதவும்.

முதலில் மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவர். நல்ல பரிசோதனை என்றால் இவை நடக்க வேண்டும்: கிளிட்டோரிஸ் மடிப்பை மெல்ல விலக்கிப் பார்ப்பது, பஞ்சு சுற்றிய குச்சியால் யோனி வாயைச் சுற்றிக் கடிகார முள்போல ஒவ்வோர் இடமாகத் தொட்டு எங்கே கூசுகிறது என்று கேட்பது, ஒரே ஒரு விரலால் உள்ளே பக்கவாட்டுத் தசைகளையும் நரம்பு வரும் பாதையையும் அழுத்திப் பார்ப்பது. ஓர் இடத்தை அழுத்தும்போது, "இதேதான், இந்த உணர்வுதான்" என்று உங்களுக்குத் தோன்றினால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைவிட நல்ல தடயம் எந்த ஸ்கேனிலும் கிடைக்காது.

பிறகு மரத்துப்போகச் செய்து பார்க்கும் சோதனை. லிக்னோகைன் மருந்தை வெளிப்பகுதியில் தடவிக் காத்திருப்பார்கள். தொல்லை நன்றாகக் குறைந்தால் மூலம் அங்கேயே இருக்கிறது. மாற்றமே இல்லை என்றால் அடுத்த கட்டமாக, வலி நிவாரணப் பிரிவு மருத்துவர் பியூடெண்டல் நரம்புக்கு அருகில் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார். அதிலும் அசையாவிட்டால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். மருந்துக் கடையில் லிக்னோகைன் வாங்கி நீங்களே தடவிக்கொண்டு இருக்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் ஒரு தொல்லை இரண்டாகும்.

எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் ஒரு விஷயம் கவனியுங்கள். சாதாரண இடுப்பு எம்.ஆர்.ஐ-யில் திருவெலும்பின் கீழ்ப்பகுதி முழுதாக வராமல் போகலாம். "திருவெலும்பு முழுவதும் வரும்படி" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதேசமயம், டார்லோவ் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் பதற வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாத பலரின் ஸ்கேனிலும் அது தற்செயலாகத் தெரியும். தொல்லைக்கு அதுதான் காரணம் என்று ஊசிச் சோதனையில் தெளிவாகாமல் யாரும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுத்தினால் இன்னொரு கருத்து கேளுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு மனநல மருத்துவர் வேண்டும். பெங்களூருவில் நீங்கள் இருப்பது ஒருவகையில் வசதி. நிமான்ஸில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நிமான்ஸ் என்றதும் ஊரில் பேசுவார்களோ என்று பயப்படாதீர்கள். தலைவலிக்கும் வலிப்புக்கும் முதுகுத் தண்டுக்கும் தமிழ்நாட்டிலிருந்தே தினமும் ஆட்கள் வந்து வரிசையில் நிற்கும் இடம் அது.

பரிசோதனையில் உங்களுக்குள்ள உரிமைகளும் தெரிந்திருக்கட்டும். ஆண் மருத்துவர் என்றால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் பாதியில் நிறுத்தச் சொல்லலாம். உங்கள் அனுமதி இல்லாமல் மருத்துவர் உங்கள் கணவரிடம் எதையும் சொல்லக் கூடாது. மனநல சிகிச்சை விவரங்களுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே ரகசியக் காப்பு தருகிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். முந்தைய இரண்டு மருத்துவர்களிடமிருந்தும் அவற்றை வாங்கிவிடுங்கள், ஒரே பரிசோதனைக்கு இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியிருக்காது. சுவரொட்டியிலும் மொபைல் விளம்பரத்திலும் வரும் 'ரகசிய நோய்' வைத்தியர்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

சிகிச்சையில் எதை எதிர்பார்க்கலாம்

இந்த நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட ஒரு மாத்திரை இல்லை. காரணத்தைப் பொறுத்து சிகிச்சை மாறும். உங்களுக்கு இடுப்புத்தளம்தான் மூலம் என்று தெரிந்தால், அதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் முக்கியமான ஆள். வாரம் ஒருமுறை வீதம் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பெரிய மகளிர் மருத்துவமனைகளில், "பெல்விக் ஃப்ளோர் பிசியோ இருக்கிறாரா?" என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் நாளே கீகல் சொல்லிக்கொடுத்தால், "தசை இறுக்கமா, தளர்வா என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

நரம்பை அடக்கப் பிரிகாபலின், கபாபென்டின், டூலாக்செட்டின், குளோனசெபாம் போன்றவற்றில் ஒன்றைத் தரலாம். எல்லாமே குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டியவை, நிறுத்தும்போதும் அப்படியே. எஸ்சிட்டலோபிராமில் பட்டது போதும். குளோனசெபாம் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் பழக்கமாகிவிடும். எத்தனை வாரத்துக்கு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கால் அமைதியின்மைக்கும் தரப்படும் பிராமிபெக்ஸோல் என்ற மாத்திரையைக் கொடுத்தால், சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, காம வேகம் கூடுவது போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரும். அப்படி எதுவும் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் மாத்திரை எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே வாரத்தில் பூஜ்யமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பத்துக்கு எட்டு இருப்பது ஐந்தாகி, பிறகு மூன்றாகி, நாள் முழுவதும் இருந்தது எப்போதாவது வருவதாக மாறுவதே பலருக்குக் கிடைக்கும் முன்னேற்றம். அந்த 14 நாள் நோட்டை மாதம் ஒருமுறை திரும்ப எழுதினால்தான் இது கண்ணுக்குத் தெரியும். மனநல ஆலோசனையும் சேர்ந்தால் நல்லது. இது கற்பனை என்பதற்காக இல்லை, நொடிக்கொருதரம் அந்த இடத்தையே கவனித்துக்கொண்டிருக்கும் மனதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க.

கர்ப்பப்பையை எடுக்காதீர்கள். தொல்லை தரும் நரம்பு கர்ப்பப்பைக்குள் போவதில்லை. எடுத்தால் கர்ப்பப்பை போகும், தொல்லை அப்படியே இருக்கும். அந்த நரம்பையே வெட்டிவிடலாம், உறுப்பை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்டுப்பட்ட நரம்பு தீராத வலியாகத் திரும்பி வரக்கூடும். குழந்தை பெற்றுக்கொள்வதும் இதற்கு மருந்து இல்லை. அது நீங்கள் இருவரும் வேண்டும்போது எடுக்க வேண்டிய முடிவு.

ஒரு எச்சரிக்கை. உட்காரும் பகுதி முழுவதும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, கால் பலமிழப்பது, இவற்றில் ஏதாவது புதிதாக வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கணவரிடம்

அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. புரியாதவர், புரியாததால் பயந்தவர். படுக்கையறையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மகன் தூங்கிய பிறகு, ஹாலிலோ மாடியிலோ உட்கார்ந்து, உங்கள் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள்: "ஏங்க, இது ஆசை இல்ல. நரம்பு சம்பந்தப்பட்ட ஒரு நோய். எனக்கே பிடிக்காம வருது. அப்ப நீங்க தொட்டா இன்னும் கஷ்டமாகுது. உங்க மேலயும் குறை இல்ல, வேற யாரும் இல்ல. டாக்டர்கிட்ட என்கூட வாங்க." இரண்டாவது சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்பது வேறு. சிகிச்சை ஒரு நிலைக்கு வரும் வரை தாம்பத்யத்தை உங்களுக்கு வேண்டும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு ஈரமாக இருப்பதாலேயே உங்களுக்குச் சம்மதம் என்று ஆகிவிடாது. இதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகும் சந்தேகத்தில் மிரட்டலோ அடியோ வந்தால் அது வேறு பிரச்சினை. 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

கடைசியாகக் காதுகுத்து. பஸ்ஸில் போகாதீர்கள், ரயிலில் கீழ்ப் படுக்கை எடுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தபடி போங்கள். சக்கரங்களுக்கு நேர் மேலே, பெட்டியின் இரு முனைகளில் வரும் படுக்கைகளில் அதிர்வு அதிகம். நடுவில் உள்ளதாகப் பாருங்கள். உட்கார வேண்டிய நேரத்துக்கு இரண்டு டர்க்கி டவலைத் தனித்தனியாகச் சுருட்டி, ஒவ்வொரு தொடைக்கும் கீழே ஒன்றாக, நடுப்பகுதி சீட்டில் படாதபடி வைத்துக்கொள்ளுங்கள். வட்டமான ரிங் தலையணை வேண்டாம், அது நடுவில் தசையைக் கீழே தொங்கவிட்டு இழுக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கதவுவரை நடந்துவிட்டு வாருங்கள். மண்டபத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னால், முதுகுவலி என்று சொல்லி நாற்காலி கேளுங்கள். அந்த டவல் இரண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.